ஒன்றரை நிமிடப் பாட்டுக்காரி

சாமத்தியவீடு என்கிற பூப்புச் சடங்கின் அழைப்பிதழில் பிற்பகல் இரண்டு மணி என்று போட்டால் இரண்டு மணிக்கு யாராவது வருவார்களா? சுவிசில் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்கும் தெரியும், அது நாலரை மணி என்று. கஜலக்சுமிக்கும் நன்றாகத் தெரியும். ஃப்ரிபூர்க் முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஒருநாளும் வேலைக்குப் பிந்தாத மனுசிதான் அவள். ஆனால் மண்டபம் என்று வந்துவிட்டால் அவளும் எங்கள் ஆள்தானே! அந்த அழைப்பிதழை ஒரு ஜப்பான்காரியின் கையிலும் கொடுத்து, நேரத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டாளே, அங்கேதான் பிடித்தது சனியன்.

ஹிசானோ இரண்டு மணிக்கு முன்னமே வந்து நின்றாள். மண்டபத்தில் நாற்காலிகூட விரித்து முடியவில்லை. மேடையில் இரண்டு பேர் ஏணியில் நின்று பூச்சரத்தைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்கள். அவள் கருநீலச் சட்டையோடு, சுடுதண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் தனியாக உட்கார்ந்தாள்.

“நான் நாள் மாறி வந்துவிட்டேனா?” என்று கஜலக்சுமியிடம் பிரெஞ்சில் கேட்டாள். இருவருக்கும் பொதுவான மொழி அந்த உடைந்த பிரெஞ்சுதான்.

“இல்லை, இல்லை. இதோ தொடங்கப் போகிறது,” என்றாள் கஜலக்சுமி. வாய் கூசாமல் சொன்னாள்.

ஹிசானோ அவளுடைய வேலைத்தலத்துச் சிநேகிதி. பல வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்று தட்டுக் கழுவியும் அவள் யாரென்று கஜலக்சுமிக்குத் தெரியாது. கண்டுபிடித்தது மகள் ஹரிஷா. ஒருநாள் மறந்துபோன வீட்டுக் கதவுத் திறப்பை வாங்க வந்தவள், தட்டு அடுக்கிக்கொண்டிருந்த ஹிசானோ முணுமுணுத்த பாட்டைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். முகத்தை வைத்து அல்ல, குரலை வைத்துத்தான் பிடித்தாள். அந்த முகத்தைத் திரையில் எவரும் கண்டதில்லை.

பத்தொன்பது வயதில் ஹிசானோவுக்குக் கிடைத்த பாட்டு அது. பனிமூட்டத்துக்குள் தனியே படகோட்டிப் போகிற ஒரு சிறுமியின் கதை, அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் தொடர். ஒவ்வொரு பகுதியும் அந்தப் பாட்டோடுதான் தொடங்கும். முழுப் பாட்டு நாலு நிமிடத்துக்கு மேலே. தொலைக்காட்சியில் போவதோ ஒன்றரை நிமிடம். தேசம் தேசமாகப் பிள்ளைகள் அந்த ஒன்றரை நிமிடத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். மிச்சத்தைக் கேட்டவர்கள் கொஞ்சப் பேர்தான். பிறகு இன்னும் இரண்டு தொடர்களுக்குப் பாடினாள். பிறகு தொண்டையில் கட்டி, சத்திரசிகிச்சை. அடுத்த தொடரைப் பாட்டு வெளியிட்ட நிறுவனம் பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்திக்குத் தூக்கிக் கொடுத்தது. இவளைக் கடைத்தொகுதிகளிலும் வெளிநாட்டு ரசிகர் விழாக்களிலும் நிறுத்திப் பாட வைத்தது. ஜெனீவாவில் அப்படியொரு விழாவுக்கு வந்த இடத்தில் ஒலிபெருக்கி வேலை பார்த்த சுவிஸ்காரரைக் கண்டு, விரும்பி, கட்டி, ஃப்ரிபூர்க்குக்குக் குடிவந்தாள். கலியாணம் நிலைக்கவில்லை. சமையலறை வேலை நிலைத்துவிட்டது. வாய்விட்டு அவள் பாடியதை இங்கே யாரும் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவளை ஏன் மண்டபத்துக்கு இழுத்தாள் என்று கேட்பீர்கள். எல்லாம் ஹரிஷாவால் வந்த வினை. பெரியபிள்ளையானதற்குச் சடங்கு என்றதும் அவள் குதித்த குதி!

“எனக்கு நடந்ததை ஊருக்கெல்லாம் சொல்லிச் சாப்பாடும் போடப் போறீங்களோ? உங்களுக்கு விசரோ அம்மா?”

“ஆக்களுக்குச் சொல்லியாச்சு பிள்ளை. மண்டபமும் எடுத்தாச்சு. இனி என்ன கதை?” என்றாள் கஜலக்சுமி.

இனி என்ன கதை என்றாள் அல்லவா, அன்றோடு மகள் கதையை நிறுத்திவிட்டாள். கிழமைக்கணக்கில் தாயோடு ஒரு சொல் இல்லை. உப்புத் தேவையென்றாலும் தகப்பன் நித்தியானந்தனிடம்தான் சொல்லுவாள். அவர் இரண்டு பேருக்கும் நடுவே தபால்காரராகத் திரிந்தார். கடைசியில் அவர் மூலமே ஒரு நிபந்தனை வந்தது. ஹிசானோ வந்து அந்தப் பாட்டைப் பாடினால் சேலை கட்டி வந்து மேடையில் இருப்பாள். இல்லையென்றால் இல்லை.

ஹிசானோ இரண்டு தடவை மறுத்தாள். மூன்றாம் தடவை கஜலக்சுமி குளிரறைக்குள் நின்று அழுதே விட்டாள். “என் மகள் என்னோடு பேசுவதில்லை,” என்றாள். ஹிசானோ வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டு நின்றாள்.

“ஒன்றரை நிமிடம்தான். அதற்கு மேலே என் குரல் நிற்காது. அன்றைக்கு இராச்சாப்பாட்டு வேலையும் என்னுடையது. நாலு மணிக்குப் போய்விடுவேன்.”

சந்தோசத்தில் கஜலக்சுமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நாலு மணி என்றதை அவள் காது கேட்டது, மண்டை வாங்கவில்லை.

இப்போது பாருங்கள் கூத்தை. மூன்று மணிக்கும் மண்டபத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சனம். ஷ்லீரனிலிருந்து அலங்காரம் செய்ய வரவேண்டிய துஷாந்தி சுணங்கி வந்து, இப்போதுதான் பிள்ளைக்கு ஒரு கண் எழுதியிருந்தாள். கஜலக்சுமி அலங்கார அறைக்கும் வாசலுக்குமாக ஓடினாள். சேலைக் கரை காலில் தட்டியது. ஓடுகிற ஒவ்வொரு தடவையும் ஹிசானோ மணிக்கூட்டைப் பார்ப்பது கண்ணில் பட்டது. தேங்காய் உடைக்க வேண்டிய தாய்மாமனையும் காணவில்லை.

“அண்ணை, எங்க நிக்கிறியள்?” என்று போனில் கத்தினாள்.

“கிட்டத்தான் பிள்ளை. வந்திட்டன் எண்டு வை,” என்றார் தமையன். பின்னால், ஒன்றரை மணி நேரத் தூரத்திலிருக்கிற ஜெனீவாவின் டிராம் மணி கணீரென்று கேட்டது.

நாலு மணி நெருங்க ஹிசானோ எழுந்து மேலங்கியைப் போட்டாள். தன் தம்பி காரில் கொண்டுபோய் விடுவார் என்று நித்தியானந்தன் சொன்னார். காரில் போனாலும் இப்போதே போனால்தான் சரி. “கிழவர்கள் பசியோடு இருப்பார்கள்,” என்றாள் ஹிசானோ. கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் கஜலக்சுமியைப் போட்டு வதைத்தது.

அவள் வீடியோக்கார யதுசனிடம் ஓடினாள். “தம்பி, பாட்டை முதல்ல எடுப்பமே?”

“பிள்ளை பல்லக்கில வராம எப்பிடி அன்ரி? ஏன் அந்தரப்படுறீங்கள்? அவ போகட்டும். பிள்ளை வரேக்க பாட்டை ஸ்பீக்கரில விடுவம். சனத்துக்குத் தெரியவே போகுது?”

பொய் சொல்ல என்ன, அந்த யோசனையைப் பிடித்துக்கொள்ளக் கஜலக்சுமிக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாட்டு யாருக்கு, சனத்துக்கா? உள்ளே ஒரு கண் எழுதியபடி இருக்கிற பிடிவாதக்காரிக்கல்லவா?

“மாமன் வராமல் பிள்ளையை வெளியில எடுக்கேலாது,” என்று நித்தியானந்தன் வேறு பக்கத்தில் நின்று புறுபுறுத்தார்.

“வெளியில எடுக்கேல்லை. இவவை உள்ளுக்குக் கொண்டு போறன்,” என்று சொல்லிவிட்டு, அவள் ஹிசானோவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

அலங்கார அறை என்பது விளையாட்டுக்காரர் உடுப்பு மாற்றுகிற அறை. சப்பாத்து மணமும் மல்லிகை மணமும் கலந்து அடித்தது. ஹரிஷா காற்சட்டையோடு, பாதித் தலையில் பூவோடு இருந்தாள். ஹிசானோவைக் கண்டதும் எழுந்தாள். தாயைப் பார்க்கவில்லை. கஜலக்சுமி துஷாந்தியையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைத் தானே சாத்தினாள்.

பாட்டுத் தொடங்கியது. இசையில்லை, மைக் இல்லை. மேலே போகிற இடத்தில் குரல் உடைந்தது. நின்றது. திரும்பவும் தொடங்கியது. இந்த முறை இன்னொரு குரலும் சேர்ந்து போனது. யாரது என்று ஒரு கணம் கஜலக்சுமிக்கு விளங்கவில்லை. தன் பிள்ளை பாடுவாள் என்பதே அவளுக்குத் தெரியாது. ஒன்றரை நிமிடமும் கடந்து, அதிகம் பேர் கேட்காத அந்த மிச்சப் பாட்டுக்குள் இருவரும் போனார்கள். ஹிசானோவின் குரல் தேய்ந்த இடங்களில் பிள்ளையின் குரல் தனியாக நின்று தாங்கியது.

பாட்டு முடிந்ததும் ஹரிஷா பிரெஞ்சில் கேட்டாள்: “ஏன் பாடுவதை விட்டீர்கள்? தொண்டையாலா?”

“தொண்டை ஆறிவிட்டது,” என்றாள் ஹிசானோ. “கடைசி மேடைக்கு நான் ஏறமாட்டேன் என்று சொன்னேன். ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது, மண்டபமும் எடுத்தாகிவிட்டது என்றார்கள். உடுப்புப் போட்டு ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு எனக்குப் பாடவே விருப்பம் வரவில்லை.”

கதவுக்கு வெளியே நின்றவளுக்கு யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. அவளுடைய அதே சொற்கள். ஜப்பானிலும் இதைத்தான் சொல்லுகிறார்களா?

கதவு திறந்தது. ஹிசானோ குனிந்து வணங்கிவிட்டு, போத்தலை அணைத்தபடி வெளியே ஓடினாள். நித்தியானந்தனின் தம்பி காரோடு நின்றார். உள்ளே எட்டிப் பார்க்கக் கஜலக்சுமிக்குத் துணிவு வரவில்லை. நேரே மண்டபத்துக்குப் போனாள். அதற்குள் சனம் வந்து நிறைந்துவிட்டது. வேண்டிய நேரம் வராத சனம்! மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தாள்.

“எல்லாருக்கும் வணக்கம். என்ர பிள்ளைக்கு இதில விருப்பமில்லை. அவள் மேடைக்கு வரமாட்டாள். குறை நினையாமல் எல்லாரும் சாப்பிட்டிட்டுப் போங்கோ.”

மண்டபத்தில் கூரை பறக்கிற சத்தம். “இதென்ன கூத்தடி?” என்று முன்வரிசை மாமி எழும்பியே விட்டாள். நித்தியானந்தன் மேடைக்கு ஓடிவந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

“உமக்கென்ன விசரே? நாளைக்கு நாலு பேருக்கு முன்னால தலை காட்டேலுமே?”

“ஏலாதுதான். கொஞ்சநாள் காட்டாம இருப்பம்,” என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். எவரையும் பார்க்காமல் சாப்பாட்டுப் பக்கமாகப் போய்ச் சுவரோடு நின்றாள்.

சனத்தை விலக்கிக்கொண்டு ஹரிஷா வந்தாள். காற்சட்டை, எழுதிய ஒற்றைக் கண், பாதித் தலையில் பூ. மாமிமார் வாயில் கைவைத்துப் பார்த்தார்கள். அவள் இரண்டு தட்டு எடுத்தாள். ஒன்றைத் தாயிடம் நீட்டினாள்.

“காலமையிலயிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை எல்லோ நீங்கள்? இந்தாங்கோ.”

கஜலக்சுமிக்கு அப்போதுதான் அழுகை வெடித்தது. தட்டைப் பிடித்தபடியே, வாயைப் பொத்தவும் கையில்லாமல், கேவிக் கேவி அழுதாள்.

ஹரிஷா சுற்றுமுற்றும் பார்த்தாள். “ஐயோ, அழாதீங்கோ அம்மா,” என்றாள் மெல்ல. “சனம் பாக்குது.”