ஓட்டம்: பதினெட்டு

போன வாரம் எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் கால் வைத்தபோது செருப்புக்கடியில் ஏதோ இடறியது. இந்த வயதில் நான் சும்மா குனிவதில்லை, குனிந்தால் நிமிர்த்திவிட ஆள் வேண்டும். இருந்தாலும் குனிந்து எடுத்தேன். பச்சை நிறத்தில் ஒரு பகடை. இருபது முகம். அதற்குள் நாலாவது மாடியில் குடியிருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனித் தம்பி மூச்சு வாங்க ஓடிவந்து, "அங்கிள், அது என்னோடது. ஒரு கேமுக்கு உள்ளது" என்றார்.

"தெரியும் தம்பி. பாம்பு கடிச்சா பிழைக்கிறோமா இல்லையான்னு இதைத்தானே உருட்டிப் பாக்கணும்?" என்றேன்.

கோயில் யானை திடீரென்று இங்கிலீஷ் பேசிவிட்டது போல என்னைப் பார்த்தார். பிறகு லிஃப்ட் மேலே போய்ச் சேருவதற்குள் தன் குறையையெல்லாம் கொட்டிவிட்டார். அவர்கள் கூட்டத்தில் சண்டையாம். வாள்வெட்டுப் பட்ட வீரன் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் சரியாகிவிடுவான் என்று விதி இருக்கிறதாம். ஒருத்தர் மட்டும், நிஜத்தில் அப்படி நடக்குமா என்று கேட்டு ஆட்டத்தையே நிறுத்திவிட்டாராம். "அவர் கம்பவுண்டரா?" என்று கேட்டேன். இல்லை, சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை என்றார். எல்லாம் ஒரே ரகம்தான்.

எண்பதுகளின் நடுவில் நான் சங்கரன்கோவிலில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளனாக இருந்தேன். தெற்கு ரத வீதிப் பக்கம் ஒரு மாடி அறை. கீழே பூக்கடை. அறைக்குள் எந்நேரமும் கல்யாண வீட்டு வாசனை அடிக்கும். குடியிருந்த எங்களுக்குத்தான் கல்யாணம் ஆகிற வழியைக் காணோம். இப்போதும் யாராவது பிச்சிப்பூ வைத்துக்கொண்டு பக்கத்தில் போனால், மற்றவர்களுக்கு என்னென்னவோ ஞாபகம் வரும். எனக்குப் பகடை உருளும் சத்தம் கேட்கும்.

அறையில் என்னோடு இருந்தவர் ராயகிரி ஆறுமுகம், டியூட்டோரியல் ஒன்றில் கணக்கு வாத்தியார். அவருடைய சித்தப்பா மகன் கப்பலில் வேலை பார்த்தார். ஏதோ ஒரு துறைமுகத்தில் செஸ் என்று நினைத்து ஒரு பெட்டியை வாங்கி வந்துவிட்டார். திறந்தால் காய்களும் இல்லை, கட்டமும் இல்லை. விதவிதமாக ஐந்து பகடையும் ஓர் இங்கிலீஷ் புத்தகமும்தான். ஆறுமுகம் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் அதைப் படித்து, ஒரு நீள நோட்டில் தமிழில் எழுதினார்.

ஆட்டம் எளிதுதான். ஆளுக்கொரு வீரனை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கதை சொல்லுவார். "எதுத்தாப்புல ஒரு குகை. உள்ள உறுமுத சத்தம் கேக்கு. என்ன செய்யுதீரு?" என்பார். நாம் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். வீரனின் பலம், ஓட்டம், புத்தி எல்லாவற்றுக்கும் மூன்றிலிருந்து பதினெட்டு வரை ஓர் எண் உண்டு. கதை சொல்லுகிறவர் ஆறுமுகம். அவர் கையெழுத்துப் போடாமல் எதுவும் நடக்காது என்பதால் அவருக்குத் 'தாசில்தார்' என்று பெயர் வைத்தோம். இங்கிலீஷ் புத்தகத்தில் இருந்த நெருப்புக் கக்கும் பறவைப்பாம்பை எங்களுக்குப் பிடிக்கவில்லை. கோயில் தூணில் நாள்தோறும் பார்க்கிற யாளியையே அந்த இடத்தில் போட்டுக்கொண்டோம்.

மூன்றாவது ஆள் மாடசாமி. பனவடலிசத்திரத்துக்காரர், பூக்கடைக்கு அடுத்த கடையில் ரேடியோ மெக்கானிக். சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இடது கால் சூம்பியிருக்கும். யாராவது பாவப்பட்டு நாற்காலியை இழுத்துப் போட்டால், "தவம் இருந்தப்ப கோமதி அம்மாளே ஒத்தக் கால்லதான் நின்னா. எனக்கென்னவே?" என்று சிரிப்பார். அவருடைய வீரன் பெயர் வேலன். எங்கள் வீரர்களிலேயே வேலன்தான் சூரன். குதிரை மேல் நின்றுகொண்டே போவான், மதிலைத் தாண்டுவான், ஒருமுறை யாளியின் நாலு காலுக்கும் நடுவே புகுந்து ஓடி அந்தப் பக்கம் போய்விட்டான். அதைச் சொல்லும்போது மாடசாமிக்கே மூச்சு வாங்கும்.

நாலாவதாக வந்து சேர்ந்தார் கரிவலம்வந்தநல்லூர் சுப்பையா அண்ணாச்சி. ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். எங்களுக்கெல்லாம் பத்து வயது மூத்தவர். அவர் வந்த அன்றைக்கே என் வீரனுக்குத் தோளில் வெட்டு விழுந்தது. நான் வாளைத் தூக்கிக்கொண்டு அடுத்த சண்டைக்குப் புறப்பட்டேன்.

"எங்க போறீரு?" என்றார் அண்ணாச்சி. "தையல் போட்டாச்சா? செப்டிக் ஆயிட்டுன்னா யாரு பொறுப்பு?"

"புத்தகத்துல அப்படிக் கிடையாதுவே" என்றார் ஆறுமுகம்.

"புத்தகம் எழுதுனவன் ஒரு புண்ணையாவது தொடச்சிருப்பானா? நான் தெனமும் தொடைக்கேன்."

என் வீரனுக்கு இருபத்தோரு நாள் படுக்கை விதிக்கப்பட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமை நான் அறை மூலையில் உட்கார்ந்து, என் முறை வரும்போதெல்லாம் "கஞ்சி குடிக்கேன்" என்று மட்டும் சொன்னேன். அடுத்து குதிரைக்குத் தண்ணீர்ப் பிரச்சினை வந்தது. நம் பக்கத்துக் கரிசலில் கோடையில் குதிரைக்கு எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று அண்ணாச்சி கேட்டார். ஒரு ஞாயிறு முழுக்கக் கிணறு தேடினோம். யாளி அதன்பாட்டுக்குக் குகையில் காத்துக் கிடந்தது.

ஆறுமுகத்துக்குத் தாங்கவில்லை. "வெளையாட்டுன்னா வெளையாட்டா இருக்கணும்வே. செஸ்ஸுல யானை லத்தி போடுதா?"

"போடணும். அப்பந்தான் அது யானை" என்றார் அண்ணாச்சி அசராமல்.

சங்கரன்கோவிலே இப்படி ஒரு சண்டையில் உண்டான ஊர்தான். சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்று இரண்டு நாகங்கள் மல்லுக்கு நிற்க, அதற்காக அம்மாள் தவம் இருந்து, கடைசியில் சாமி பாதி சிவனாகவும் பாதி பெருமாளாகவும் காட்சி கொடுத்து முடித்துவைத்தார். எங்கள் வழக்கை முடித்துவைக்கத்தான் யாரும் வரவில்லை. பாதி நிஜம், பாதி விளையாட்டு என்று பேசி முடிக்கலாம் என்று நான் சொன்னதற்கு இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள்.

ஒரு நாள் அண்ணாச்சி புது விதியோடு வந்தார். எண்களைப் பகடை உருட்டிப் போடக்கூடாது. அவரவர் உடம்பைச் சோதித்துத்தான் போட வேண்டும். "நீரு தூக்க முடியாததை உம்ம வீரன் எப்படித் தூக்குவான்?" கணக்கு வாத்தியார் அல்லவா, அளக்கலாம் என்றதும் ஆறுமுகத்துக்கும் ஆசை வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு காலை சோதனை. பலத்துக்கு, வீட்டுக்காரர் கிணற்றில் தண்ணீர் இறைத்தோம். தொட்டி நிரம்பி வழிந்தது. வீட்டுக்கார அம்மா வந்து பார்த்துவிட்டு, "இந்த வெளையாட்டு வாராவாரம் உண்டுமா?" என்று ஆசையாகக் கேட்டார். ஓட்டத்துக்கு, தெப்பக்குளத்தை ஒரு சுற்று. நான் நாக்குத் தள்ள ஓடிக்கொண்டிருந்தபோது எங்கள் ஹெட் கிளார்க் எதிரே வந்தார். "என்னய்யா, ஆபீஸுக்கு ஒருநாளும் இந்த வேகத்துல வந்ததில்லையே" என்றார். எனக்குப் பலம் ஆறு, ஓட்டம் ஏழு. புத்திக்குச் சோதனை வைக்காமல் அண்ணாச்சி என்னைப் பார்த்தே ஓர் எண் போட்டார். அதை இங்கே எழுதுவதாக இல்லை.

மாடசாமி படிக்கட்டில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்து எங்களுக்கு நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி நோட்டில் எழுதி முடித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் வரிசையாக ஆள் கூப்பிடுகிற பழக்கத்தில், தலையைத் தூக்காமலே, "அடுத்து, மாடசாமி" என்றார்.

சொன்ன பிறகுதான் அவர் தலை நிமிர்ந்தது. மாடசாமி கோமதி அம்மாள் பேரைச் சொல்லிச் சிரிப்பார் என்று காத்திருந்தோம். சிரிக்கவில்லை.

"அங்கனயும் நொண்டணுமா அண்ணாச்சி?" என்றார். கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மெதுவாக எழுந்து போய்விட்டார். தடுத்து ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஆறுமுகம் பெட்டியைத் திறக்கவே இல்லை. வேலன் இல்லாமல் என்ன கதை? அண்ணாச்சி மட்டும் வந்து, ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாவது ஞாயிறு அவர் தன் டிரான்சிஸ்டரை இடுக்கிக்கொண்டு வந்து, "பாடமாட்டேங்கு" என்று சொல்லி என்னையும் துணைக்கு மாடசாமி கடைக்கு இழுத்துப் போனார். மாடசாமி திருகாணியைக் கழற்றி, உள்ளே பார்த்து, மூடி, குமிழைத் திருகினார். கணீரென்று பாடியது.

"இதுல ஒரு ரிப்பேரும் இல்லையே."

"இருக்காதுலே" என்றார் அண்ணாச்சி. பிறகு நோட்டை எடுத்து விரித்தார். முகம் மருந்துச்சீட்டு படிக்கிற முகம். "நான் டாக்டர்கிட்ட கேட்டேன், புத்தகமும் பாத்துட்டேன். உன் காலுக்கு வந்தது ஒரு கிருமிலே. இந்த ஊர்ல, இந்தத் தண்ணில உள்ள கிருமி. யாளி நடமாடுத ஊர்ல அது எப்படி இருக்கும்? அங்கன அந்தக் கிருமியே கிடையாது. இது சும்மா சொல்லுதது இல்ல, சயின்ஸ்." பேனாவைத் திறந்து எழுதிக் காட்டினார். மாடசாமி. ஓட்டம்: பதினெட்டு.

மாடசாமி அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப குதிரைக்குத் தண்ணி?"

"அது காட்டித்தாம்லே ஆகணும்."

அன்று சாயங்காலம் வேலன் யாளியை ஜெயித்தான். போகிற வழியில் குதிரைக்கு இரண்டு முறை தண்ணீர் காட்டினோம்.

பிறகு எனக்கு மாற்றல் வந்தது. பெட்டி ஆறுமுகத்தோடு ராயகிரிக்குப் போனது. நோட்டைக் கறையான் தின்றுவிட்டது என்று கடிதம் எழுதினார். கொஞ்ச வருஷத்தில் அவரும் இல்லை. பூக்கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். ரேடியோவைத் தூக்கிக்கொண்டு யாரும் எந்தக் கடைக்கும் போவதில்லை. சுப்பையா அண்ணாச்சி வேலையை விட்ட பிறகு, போலியோ சொட்டு மருந்து போடுகிற ஞாயிற்றுக்கிழமை தோறும் யாரும் கூப்பிடாமலே முகாமில் போய் உட்கார்ந்துகொள்வாராம். அழுகிற பிள்ளைகளின் வாயில் இரண்டு சொட்டு விட்டு, "அடுத்து" என்பாராம். அவர் காலமான பிறகுதான், அந்த நோய் நம் நாட்டிலேயே இல்லாமல் போய்விட்டது என்று டிவியில் சொன்னார்கள்.

கேட்ட உடனே மாடசாமிக்குப் போன் போட்டேன். "நானும் பாத்தேன் சார்" என்றார். குமாஸ்தாவாக இருந்த நாளில் கேலிக்குத் தொடங்கிய 'சார்', இன்னும் விடவில்லை.

"அங்கன கிடையாதுன்னாருல்லா அண்ணாச்சி. இப்ப இங்கனயும் கிடையாதாம்" என்றார். "நான் அப்பவே சொன்னேம்லான்னு சொல்லத்தான் ஆள் இல்ல."