உப்பிப்போன ரப்பர்

பிரேக்காரர் தன் மனைவியின் அண்ணனுக்கு அறுபதாயிரம் கடன்பட்டிருந்தார். மனைவியின் வயிற்று ஆபரேஷனுக்கு வாங்கிய பணம். கொடுத்த மச்சான் நல்லவர்தான். கொடுத்ததை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிற நல்லவர். தன் ஒர்க்‌ஷாப்பிலேயே வேலை போட்டுக் கொடுத்துப் பாதிச் சம்பளத்தைக் கடனில் கழித்துக்கொண்டார். வெளியே நல்ல வேலை வந்தபோதெல்லாம், கடன் தீரட்டும் மாப்பிள்ளை என்று சிரித்தே கட்டிப்போட்டார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் எதிரில் அதே முகம். தங்கச்சி வீடாயிற்றே, கதவைத் தட்டவா வேண்டும்?

ஆனால் தொழில் என்று வந்தால் பிரேக்காரரை அசைக்க ஆள் கிடையாது. நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர், சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றியே பிரேக் கோளாறைச் சொல்லிவிடுவார். பெயர் சும்மா வந்துவிடவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் பல் டாக்டரின் கார் இரும்பு ஸ்டாண்டில் ஏறி நின்றது. மறுநாள் ரேஸ் தடத்தில் ஓட்டுவதற்காக டாக்டர் விட்டுப்போன கார். முன்சக்கரம் இழுத்துப் பிடித்தது. பிரேக்காரர் சக்கரத்தைக் கவ்வி நிறுத்தும் காலிபரைக் கழற்றி, ஆயில் குழாய் இழுபடாமல் கம்பியால் தூக்கிக் கட்டினார். உள்பக்கப் பிரேக் பேட் தேய்ந்து தகடாகியிருந்தது. பேட்டைத் தள்ளும் பிஸ்டன் பின்னால் போவேனா என்றது. பெடலை மிதித்து அதை வெளியே தள்ளி, உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை நோண்டி எடுத்தார். ஊறிய தோல்போல உப்பிக் கிடந்தது. மோந்து பார்த்தார். பேரிங் கிரீஸ். அந்த ரப்பருக்கு ஆகவே ஆகாத கிரீஸ். போன மாதம் இவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது மச்சான் தன் கையால் பூட்டிய காலிபர் அது.

புது ரப்பர் திங்கட்கிழமைதான் கிடைக்கும், அதுவரை காரை அனுப்பக் கூடாது என்று மச்சானிடம் சொன்னார். மச்சான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழையதையே துடைத்துப் போட்டு, புதுப் பேட் மாட்டிவிடச் சொன்னார். அந்த வேகத்தில் பிரேக் சூடேறிக் காலை வாரிவிடும் என்றார் இவர். டாக்டரிடமே சொல்வேன் என்றதும் மச்சான் எழுந்து வந்தார்.

"என் கடையில நின்னுக்கிட்டு என்னையே குத்தம் சொல்வியா? மொதல்ல பாக்கியக் கட்டு மாப்பிள. அப்புறம் வாயத் தொற."

பாக்கி பதினெட்டாயிரம். பிரேக்காரர் வளையத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தன் மோட்டார் பைக்கில் ஏறினார். பின்தெருவில் பழைய வண்டி வாங்குகிறவரிடம் அடிமாட்டு விலைக்கு அதைத் தள்ளிவிட்டு நடந்தே திரும்பினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். எல்லாம் சரியாகிவிட்டது, சக்கரம் மாட்டுவதுதான் பாக்கி என்று மச்சான் தேன் தடவிப் பேசிக்கொண்டிருந்தார்.

பிரேக்காரர் வளையத்தை டாக்டரின் கையில் வைத்தார். "இத ஒரு நிமிஷம் பிடிங்க சார்." பிறகு திரும்பினார். "கைய நீட்டுங்க மச்சான்."

"எதுக்கு?"

"டாக்டர் முன்னாடி வாயத் தொறக்கணும்."

மச்சானின் கை தானாக நீண்டது. பிரேக்காரர் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு நோட்டாக அந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.