பாதி மாத்திரை

பொறுமை அண்ணன் கடையில் முடிவெட்ட உட்கார்ந்தால் அவசரப்பட முடியாது. இரண்டு கிருதாவையும் கண்ணாடியில் மாறி மாறிப் பார்ப்பார். இம்மி வித்தியாசம் தெரிந்தாலும் “பொறுங்க, பொறுங்க” என்று மறுபடி கத்திரியை எடுப்பார். ‘பொறுமை’ என்பது தெரு அவருக்கு வைத்த பெயர்.

போன வருடம் ஒரு வாடிக்கையாளரின் கன்னத்தில் அண்ணன் நுரை தடவிக்கொண்டிருந்தபோது பிரஷ் கை நழுவி விழுந்தது. குனிந்தவரால் எழ முடியவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அவர் மனைவி உடனே வண்டி பிடித்து மருத்துவமனையில் கொண்டுவந்து சேர்த்ததால் பிழைத்தார். கையும் பேச்சும் பெரும்பாலும் திரும்பிவிட்டன. சீப்பு பிடிக்கும் இடது கை மட்டும் இன்னும் லேசாக நடுங்கும். சவரக்கத்தியை அதன்பிறகு அவர் தொடவில்லை.

நான் அந்த மருத்துவமனையின் பக்கவாத ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒருமுறை பக்கவாதம் வந்தவர்களுக்கு வழக்கமான மருந்துகளோடு ரத்த அழுத்தத்துக்கு இன்னொரு மாத்திரையும் கொடுத்தால், மறுபடி வராமல் தடுக்க முடியுமா என்று பார்க்கிறோம். சிலருக்கு உண்மையான மருந்து, சிலருக்குப் பார்வைக்கு அதே போன்ற வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அண்ணனை இந்த ஆராய்ச்சியில் சேர்த்தபோது இதையெல்லாம் நான்தான் விளக்கினேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். சாதாரண மனிதர்களுக்குப் புரியும்படி பேச வரும் என்று எனக்கு ஒரு நினைப்பு. அவரும் நன்றாகத் தலையாட்டினார்.

ஆனால் அவருடைய ரத்த அழுத்தம் இறங்கவே இல்லை. இன்னொரு தடவை வந்தால் இதைப்போலத் தப்ப முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கவலையோடுதான் ஒரு மதியம் கடைக்குப் போனேன்.

“வாங்க டாக்டரம்மா.”

“நான் டாக்டர் இல்லண்ணே.”

“வெள்ளைக் கோட்டு போட்டாச்சுல்ல, அப்புறம் என்ன?”

அண்ணனும் அவர் மனைவியும் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அண்ணன் ஒரு புது பிளேடைப் பிரித்தார். எங்கள் மாத்திரையைக் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் வைத்து நடுவில் அழுத்தினார். இரண்டு துண்டுகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொஞ்சம் பெரிதாகத் தெரிந்ததை மனைவி பக்கம் தள்ளினார்.

“அண்ணே! எதுக்கு வெட்டுறீங்க?”

“இவளுக்கும் பிரஷர் இருக்கும்மா. தலை சுத்துதும்பா. ஆஸ்பத்திரிக்கு வாடின்னா காதுலயே போட்டுக்க மாட்டா. எனக்கு வந்தது இவளுக்கு வரக்கூடாதுல்ல? அதான் முன்கூட்டியே.”

“இது வெறும் மாத்திரையாக்கூட இருக்கலாம்னு சொன்னேனே!”

“சொன்னீங்க. அது மத்தவங்களுக்குன்னு நெனச்சேன். இவ்வளவு அக்கறையா விசாரிக்கிற நீங்க எனக்கு வெறும் மாவைக் குடுப்பீங்களா?”

அக்கா இடுப்பில் கை வைத்தாள். “அப்போ இத்தனை நாளா நான் முழுங்கினது மாவா? உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு எனக்கு முழுசா ஒண்ணும் கெடைக்கலைன்னு பாத்தா, கெடைச்ச பாதியும் மாவா?”

“மருந்தாவே இருந்தாலும் பாதி ரெண்டு பேருக்குமே பத்தாதுக்கா,” என்றேன். “உங்களுக்கு எந்த மருந்து சரின்னு பாத்துதான் குடுக்கணும்.”

அண்ணன் பிளேடைக் காகிதத்தில் சுற்றினார். “ஆளுக்குப் பாதின்னா ஆளுக்குப் பாதியாவது காப்பாத்தும்னு நெனச்சேன்,” என்றார். பிறகு, “என்னை ஆராய்ச்சியிலேருந்து தூக்கிடுவாங்களா?”

“டாக்டர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். தூக்க மாட்டாங்க. நடந்ததை நடந்தபடி எழுதிக்குவோம்.”

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ‘புரிஞ்சுதா’ என்று கேட்டு அவர் தலையாட்டியதும் நிம்மதியாகிவிட்டேனே, என்ன புரிந்தது என்று கேட்டேனா? அன்று நான் பேசியது அவருக்காகவா, நன்றாகப் பேசுகிறேன் என்ற திருப்திக்காகவா?

“அக்கா, உக்காருங்க. பிரஷர் பாத்துடலாம்.” பையிலிருந்து கருவியை எடுத்தேன்.

“எனக்கு ஒண்ணுமில்லம்மா.”

“உக்காருடி,” என்று அண்ணன் நாற்காலியைத் திருப்பினார். அவள் உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் கழுத்தைச் சுற்றித் துணியைப் போர்த்திவிட்டார்.

“மொட்டை போடப் போறியா?”

யாரும் சிரித்து முடிப்பதற்குள் கருவி எண்களைக் காட்டியது. நான் ஓய்வு கொடுத்து மறுபடி பார்த்தேன். மாற்றமில்லை. அவருடையதைவிட அதிகம்.

“இன்னைக்கே காட்டணும்க்கா.”

நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த அண்ணனின் இடது கை நடுங்கி, நாற்காலியே லேசாக ஆடியது. அவள் அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, வரேன்,” என்றாள். “முதல்ல நீ அந்த ரெண்டு துண்டையும் முழுங்கு.”

தண்ணீர் ஊற்றி விழுங்கினார்.

“வாயைத் தொற.”

திறந்தார். கடைவாயில் வழிந்த தண்ணீரைப் போர்த்தியிருந்த துணியின் நுனியால் துடைத்துவிட்டாள்.

தலைமுடியைக் கோதிக்கொண்டே ஒருவர் உள்ளே வந்தார். “அண்ணே, அவசரமில்ல, இருக்கேன்.”

“இல்ல தம்பி, நாளைக்கு வாங்க,” என்றார் பொறுமை அண்ணன். கடைச் சாவி அதற்குள் அவர் கையில் இருந்தது.