கிருஷ்ணப்பிரியாவின் டூப்பு

"ஜெபி, இந்த டூப் எதுக்குடி? ஃபைலைத் திறந்தாச்சு, கையில ஒரு நம்பர் கீது. அதே ஃபைலுக்கு இன்னொரு நம்பர் இன்னாத்துக்கு?"

அம்பத்தூர் எஸ்டேட்டில், மென்பொருள் அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்றபடி கிருஷ்ணப்பிரியா கேட்டாள். நாலு பேர் காதில் விழும்படி கேட்டாள். பக்கத்தில் நின்ற ஜெபிஷாவாக இருந்தால் தெரியாததை யாரிடமும் கேட்டிருக்கமாட்டாள். யாரும் பார்க்காதபோது படித்துக்கொள்வாள். திறந்த கோப்புக்குக் கணினி ஒரு எண் தரும், அதே கோப்புக்கு இன்னொரு எண் வாங்கும் கட்டளைதான் டூப்.

"சர்ச்சுல பாட்டுப் புத்தகம் பத்தலைன்னா ரெண்டு பேர் ஒண்ணையே பிடிச்சுக்குவோம்," என்றாள் ஜெபிஷா. "கை ரெண்டு, புத்தகம் ஒண்ணு. யார் பக்கத்தைப் புரட்டினாலும் ரெண்டு பேருக்கும் புரண்டுடும்."

"அப்போ நீ படிச்சு நிறுத்தின எடத்துலேர்ந்துதான் நான் படிக்கணுமா?"

"ஆமா."

"நீ கையை எடுத்துட்டா?"

"எடுத்தா இன்னா? நீ புடிச்சினு இருப்ப இல்ல. புத்தகம் மூடாது."

"செமடி," என்று கிருஷ்ணப்பிரியா மீதி டீயைக் குடித்தாள்.

கிருஷ்ணப்பிரியா அண்ணனூர்க்காரி. அப்பா வேம்புலிக்கு அங்கே மின்சார ரயில் பணிமனையில் வேலை. பெண்கள் பெட்டியில் அவளுக்கு எப்படியோ இடம் கிடைத்துவிடும். முன்பின் தெரியாதவர்கள்கூட நகர்ந்து உட்காருவார்கள். எலுமிச்சைச் சோறு கொண்டுவந்து எல்லோர் டப்பாவிலும் கை வைப்பாள். ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை.

இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே வேலை செய்பவர்கள். மேலாளர் தினகரன்தான் ஜெபிஷாவுக்கு டூப்பு என்று பெயர் வைத்தார். ஒருநாள் ஜெபிஷா தனியாக உள்ளே வந்தபோது, "இன்னாம்மா, டூப்பு மட்டும் வந்துகீது, ஒரிஜினல் எங்க?" என்றார். அறை முழுவதும் சிரித்தது. அன்றிலிருந்து அவள் டூப்பு. டூப் செய்த எண்களில் அசல், நகல் என்று கிடையாது, இரண்டும் சமம். இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஜெபிஷா பலமுறை நினைத்தாள். சொல்லவில்லை.

குழுத் தலைவர் யார் என்று முடிவாக வேண்டிய சமயம் அது. ஜெபிஷாவுக்கு அந்தப் பதவி வேண்டும். அதைவிட, அது கிருஷ்ணப்பிரியாவுக்குப் போகக்கூடாது.

அந்த வாரம் பார்த்து ஜெபிஷா எழுதிய நிரல் நின்றுபோனது. தொழிற்சாலை இயந்திரங்களின் கணக்கை ஒரு நிரல் குழாயில் ஊற்றுவதுபோல் அனுப்பும், இன்னொன்று வாங்கி அறிக்கை தயாரிக்கும். கணக்கெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது, அறிக்கை மட்டும் முடியவே இல்லை. வாங்கும் நிரல் இன்னும் வரும் என்று காத்துக்கொண்டே இருந்தது. ஜெபிஷாவின் நாற்காலிக்குப் பின்னால் தினகரன் வந்து நின்றார்.

கிருஷ்ணப்பிரியா எட்டிப் பார்த்தாள். "ஜெபி, டூப் பண்ணிட்டு முதல் நம்பரை மூடலையா நீ?" என்றவள் தினகரன் பக்கம் திரும்பினாள். "பாட்டுப் புத்தகத்துல இன்னும் ஒரு கை கீது சார். கடைசிக் கையும் எடுத்தாத்தான் புத்தகம் மூடும். அதுவரைக்கும் வாங்குற பக்கம் பாட்டு முடியலைன்னுதான் நினைச்சினு இருக்கும்."

முதல் எண்ணை மூட ஒரே ஒரு வரி சேர்த்ததும் அறிக்கை முடிந்தது.

"சூப்பர் உதாரணம்மா. எங்க புடிச்ச?"

"ஜெபி சொன்னது சார்."

அதற்குள் அவர் கைப்பேசியை எடுத்துப் பேசத் தொடங்கியிருந்தார். திருடினாள் என்று சொல்லவும் ஜெபிஷாவுக்கு வழியில்லாமல் போனது. தன் வாயால் சொன்னது தனக்கே உதவவில்லை, கேட்டவளுக்கு உதவிவிட்டது.

வெள்ளிக்கிழமை கிருஷ்ணப்பிரியா குழுத் தலைவரானாள். ஜெபிஷா கை கொடுத்தாள்.

மாலை இருவரும் ஒரே ரயிலில் திரும்பினார்கள். ஜெபிஷா ஆவடி வரை போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். ஆலயத்தில் இடப்பக்கம் மூன்றாம் வரிசை அவளுடையது. அங்கே அவளை யாரும் டூப்பு என்று கூப்பிட்டதில்லை. அங்கே யாருக்கும் கிருஷ்ணப்பிரியாவைத் தெரியாது.

அண்ணனூர் வந்தது. பையை மாட்டிக்கொண்டு எழுந்த கிருஷ்ணப்பிரியா கம்பியைப் பிடித்தபடி குனிந்தாள்.

"ஜெபி, ஒண்ணு கேக்கணும், திட்டாத. அந்தப் பாட்டுப் புத்தகத்தை நான் பார்த்ததே இல்லடி. இந்த ஞாயித்துக்கிழமை என்னையும் உங்க சர்ச்சுக்குக் கூட்டினு போறியா? எனக்குத் தனியா புத்தகம் வேணாம். உன்னோடதையே புடிச்சிக்கிறேன்."