பனிக்குள்ளிருந்து நீண்ட கை

எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று என் அக்கா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். சொல்லிக்கொள்ளட்டும். நான் குடித்திருக்கவில்லை, கனவும் காணவில்லை. பட்டப்பகல். அக்டோபர் மாதச் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். இடம், ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் போர்ட்கேரன் என்ற சின்ன ஊர்.

நானும் என் கணவன் ஸ்ட்ரூவனும் கிளாஸ்கோவில் வேலை, வேலை என்று செத்துக்கொண்டிருந்தோம். இரண்டு நாள் நிம்மதியாக இருக்கலாம் என்று அங்கே போனோம். திருமதி கெடஸ் என்ற விதவை தன் வீட்டு மாடியறையை எங்களுக்கு வாடகைக்கு விட்டாள். வந்ததும் வராததுமாக, ஸ்ட்ரூவனுக்கு நன்றாக நீந்தத் தெரியுமா என்று கேட்டாள். பள்ளியில் பதக்கம் வாங்கியவன் என்று நானே பீற்றிக்கொண்டேன். என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

மறுநாள் வறுத்த மீனும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு துறைமுகச் சுவரில் உட்கார்ந்தோம். பக்கத்தில் மூன்று கிழ மீனவர்கள் வம்பளந்துகொண்டிருந்தார்கள். மூன்று மணிக்குக் கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. படகுகள் மறைந்தன. கடற்காகங்கள் சட்டென்று அடங்கிப்போயின.

மூன்று பத்து. தண்ணீரில் சளப்... சளப்... பிறகு ஒரு குரல்.

"யாராச்சும் கை கொடுங்க..."

கிழவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவரும் எழவில்லை.

"சும்மா உக்காரு தம்பி," என்றார் ஒருவர். "கடல் எடுத்தத நாம எடுக்கக் கூடாது. எடுத்தா, பதிலுக்கு ஆள் கேட்கும்."

"கண்ணு முன்னாடி ஒருத்தன் சாவறான். கத பேசறீங்களா?"

ஸ்ட்ரூவன் அவர்கள் மேல் காறித் துப்பாத குறைதான். கல் படிகளில் இறங்கி ஓடினான். நானும் பின்னால் ஓடினேன். கடைசிப் படியில் மண்டியிட்டு, பனிக்குள் கையை நீட்டினான். ஒரு கை வந்து பற்றியது.

இழுத்துப் போட்டான். முப்பது வயதிருக்கும். கனத்த கம்பளிச் சட்டை. அந்தக் குளிரிலும் நடுக்கமே இல்லை. எங்கள் வாயிலிருந்து புகை வந்தது. அவன் வாயிலிருந்து வரவில்லை...

"உங்க பேர் என்னண்ணே?" என்று கேட்டான் கரையேறியவன்.

"ஸ்ட்ரூவன்."

தலையாட்டினான். படியேறிப் போனான். கிழவர்கள் மூவரும் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள்.

நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று விநாடிதான்.

சளப்.

திரும்பினேன். படி காலி...

அலறினேன். கிழவர்கள் காலில் விழுந்தேன். ஒருவரும் அசையவில்லை.

மீட்புப் படகு இருட்டும்வரை தேடியது. உடல் கிடைக்கவில்லை. ஞாயிறு காலை பெட்டியை எடுக்கப் போனேன். கெடஸின் சமையலறையில் அந்தக் கம்பளிச் சட்டைக்காரன் ஓட்ஸ் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அவள் அவன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். ஒரு ராத்திரி கழிந்தும் தலை சொட்டிக்கொண்டேயிருந்தது. அது தன் மகன் லாக்லன் என்றாள். இரண்டு வருடத்துக்கு முன் அதே படிக்குக் கீழே மூழ்கியவன்.

"உள்ளூர்க்காரன் எவனும் கை கொடுக்க மாட்டான் கண்ணு," என்றாள். வெட்கமே இல்லை. "வெளியூர் ஆள்தான் வரணும். பனி இறங்கினா உம் புருஷன் உன்னக் கூப்பிடுவான். காதப் பொத்திக்காத."

கூப்பிடுகிறான். பனி வரும் ஒவ்வொரு நாளும், "மோர்வென்... மோர்வென்..." என்று. நான் கை கொடுத்தால் நான் போக வேண்டும். பிறகு அவன் யாரோடு வாழ்வான்?

நான் கிளாஸ்கோ திரும்பவில்லை. துறைமுகத்துக்கு எதிரே ஒரு வீடு பிடித்து, மாடியறை வாடகைக்கு என்று விளம்பரம் கொடுத்தேன். லீட்ஸிலிருந்து ஒரு தம்பதி எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதமாம், பிள்ளை பிறப்பதற்கு முன் கணவனோடு இரண்டு நாள் நிம்மதியாக இருக்க வேண்டுமாம். படித்துவிட்டு அழுதேன். வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டேன்.