மாஸ்டர் தலைக்குள் இருந்த கிளிப்

ஐந்தருவியில் வெள்ளம் புரண்டு வந்து, போலீஸ்காரர்கள் கயிறு கட்டி யாரையும் குளிக்கவிடாமல் நிறுத்திய சீசன் அது. குற்றாலத்தில் லாட்ஜ் எல்லாம் காலி. எண்ணெய் தேய்த்துவிடுகிற நாங்கள் சாரலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்த வாரத்தில்தான் எங்கள் லாட்ஜ் சமையல் மாஸ்டர் அடுப்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

மாஸ்டர் வெகுகாலம் சவுதியில் சமைத்தவர். அங்கே ஒருமுறை தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து, மண்டையைத் திறந்து ஒரு சின்ன ஸ்டீல் கிளிப் போட்டு அடைத்திருந்தார்கள். காதுக்கு மேலே தழும்பு உண்டு. பாத்திரம் வாங்குவதில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம் ஒன்று வைத்திருந்தார். அதைப் புதுப் பாத்திரத்தின் அடியில் வைப்பார். ஒட்டினால் கடைக்கே திருப்பிவிடுவார். "நல்ல எவர்சில்வர்ல காந்தம் ஒட்டாதுலே" என்பார்.

தென்காசிக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனேன். அந்த மெஷினே பெரிய காந்தம்தான் என்றாள் அங்கே ஸ்கேன் எடுக்கிற பெண்.

"உள்ள இருக்கது என்ன ஸ்டீலுன்னு தெரியணும் அண்ணாச்சி. சில கிளிப்பு பேசாம இருக்கும். சிலத காந்தம் இழுத்துரும். தெரியாம உள்ள படுக்க வைக்க மாட்டோம்."

ஆப்பரேசன் செய்த ஆஸ்பத்திரியை மூடிப் பல வருசம் ஆகிவிட்டது. யாரிடம் போய்க் கேட்க?

திரும்பி வந்ததும் மாஸ்டர் காந்தத்தை எடுத்துத் தழும்பில் வைத்தார். நான் பதறிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"பேசாம இரிலே. ஒட்டல, பாத்தியா? நல்ல சாமானாத்தான் போட்டிருக்கான். நாளைக்குப் போயி அந்தப் பிள்ளைட்டச் சொல்லுவோம்."

சொல்லிக்கொண்டே காந்தத்தை டீ டம்ளர் பக்கத்தில் வைத்தார். டம்ளர் லேசாக நகர்ந்து அதன்மேல் சாய்ந்தது. அவரே சோதித்து வாங்கிய டம்ளர். அடியில் வைத்தார், ஒட்டவில்லை. மடித்து அடித்த விளிம்பில் வைத்தார், ஒட்டியது. மறுபடி அடி, மறுபடி விளிம்பு.

"ஒரே டம்ளருலே. இங்கன ஒரு புத்தி, அங்கன ஒரு புத்தி. அப்ப இத்தன வருசமா நான் என்னத்தலே பாத்தேன்?"

எனக்கு என்ன தெரியும்? கைநாட்டு நான். மறுநாள் அந்தப் பெண்ணிடம் சொன்னோம். "சில ஸ்டீலு மடக்குற இடத்துல அப்படி ஆயிருமாம். அந்தக் கிளிப்பும் மடக்குனதுதான அண்ணாச்சி" என்றாள். காந்தம் இல்லாத வேறு ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். அதில் கிளிப்பைச் சுற்றி வெள்ளைவெள்ளையாகத்தான் தெரிந்தது. டாக்டர் பார்க்க வேண்டிய இடம் அந்த வெள்ளைக்குள் மறைந்துவிட்டது; என்ன கோளாறு என்று கடைசிவரை தெரியவில்லை.

மாஸ்டர் இப்போது இலஞ்சியில் வீட்டோடு கிடக்கிறார். சில நாள் என்னைத் தெரிகிறது, சில நாள் தெரியவில்லை. போனால் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவேன். எத்தனையோ தலை பார்த்த கை இது. அந்தத் தழும்பு வந்ததும் விரல் நின்றுவிடுகிறது.

உங்கள் வீட்டிலும் வெளிநாட்டுக்குப் போனவர்கள் இருப்பார்கள். உடம்புக்குள் எதையாவது வைத்துத் தைத்தால், அது என்ன சாமான் என்று அங்கேயே டாக்டரிடம் கேட்டு, வீட்டில் இரண்டு பேரிடமாவது சொல்லிவைக்கச் சொல்லுங்கள். மாஸ்டருக்கு அன்றைக்கு அப்படிக் கேட்கச் சொல்ல ஆள் இல்லை.