ஒரு சட்டைக்கு மேல் நீளாத பாட்டு

புது ஆல்பம் வந்தால் அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. இருவரும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கேட்டு முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது. பிறகு அம்மாதான் முதலில் பேசுவாள். மகள் எதிர்க்கட்சி.

அம்மா சலவைக் கடையில் சட்டை தேய்த்தாள். கடையை ஒட்டிய அறையில் ஒரு காலத்தில் சில பையன்கள் கிதாரும் டிரம்ஸுமாகப் பங்க் ராக் பழகினார்கள். சுவர் அதிர்ந்து, மாட்டிவைத்த கோட்டுகள் ஆடின. சண்டை போட்டுவிட்டு வரச் சொல்லி முதலாளி அம்மாவை அனுப்பினார். போனவள் வெகுநேரம் கழித்து வந்தாள்.

"என்னம்மா, நிறுத்தச் சொன்னியா?"

"சொல்லத்தான் போனேன். நல்லாத்தான் கத்துறாங்க. நான் பாட்டுக்கு உக்காந்துட்டேன்."

அன்றிலிருந்து பாட்டை அவள் சட்டையால் அளந்தாள். காலர், தோள், கை, முன்பக்கம், முதுகு. அதற்குள் பாட்டு முடிய வேண்டும். காலரோடு முடிந்தால் இன்னும் உத்தமம். சட்டையை மடித்து வைத்த பிறகும் இழுத்தால், "இவனுங்களுக்கு வீடு வாசல் இல்லையா?" என்பாள். கீபோர்டு சேர்த்த குழுவை அன்றோடு தலைமுழுகினாள். பழைய ஆல்பங்களை மெருகேற்றி மறுபடி வெளியிட்டால் தொடவே மாட்டாள். "அழுக்கு போக வெளுத்துட்டாங்க. அதெல்லாம் துணிக்குத்தான் நல்லது."

மேடை நிகழ்ச்சி என்றால் காதில் பஞ்சோடு பேஸ் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். காதுக்கு வேண்டாமாம், வயிற்றுக்குக் கேட்டால் போதுமாம். ஒருமுறை குதித்துக்கொண்டிருந்த ஒருவன் தடுமாறி அவள்மேல் விழுந்தான். தூக்கி நிறுத்தினாள். அவன் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் காலரைப் பிடித்துப் பார்த்து, "யாருடா தேய்ச்சா இதை?" என்றாள். இசைக்குழுக்களுக்கு அவள் 'இஸ்திரியம்மா' ஆனது அப்படித்தான்.

மகளுக்கு லிஃப்ட் கன்ட்ரோல் பேனல் அமைக்கும் வேலை. எதையும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே பேசுவாள், அம்மாவிடம் தவிர. அம்மா நன்றாக இருக்கிறது என்றால் மகளுக்கு அது குப்பை. அம்மா குப்பை என்றால் மகள் அதில் மாணிக்கம் தேடுவாள். பாத்திரம் கழுவி முடிந்த பிறகும் சண்டை ஓயாது.

"போடி செவிடி!"

"பஞ்சு வெச்சுக்கிட்டுக் கேக்குறது நீ. செவிடி நானா?"

அம்மா போன மாதம் இறந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. டாக்டர் படம் போட்டு விளக்கினார். மகளுக்கு எல்லாம் புரிந்தது. புரிந்ததால் எதுவும் குறையவில்லை.

அதற்குப் பிறகுதான் மூன்று பேர் கொண்ட ஒரு பங்க் குழுவின் புது ஆல்பம் வந்தது. அம்மா அதிகம் திட்டிய குழு அதுதான். அதன் நிகழ்ச்சி ஒன்றையும் அவள் தவறவிட்டதில்லை. மகள் ஆல்பத்தைக் கேட்டாள். திரும்பவும் கேட்டாள். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. முதல் பாட்டில் கிதார் ரம்பம்போல் அறுத்தது. இரண்டாவது மெதுவாக, நீளமாகப் போனது. மற்றவை வந்த வேகத்தில் முடிந்தன. இவ்வளவுதான் சொல்ல முடிந்தது. கதவு மூடிவிட்டது என்ற சிக்னல் வராமல் லிஃப்ட் நகராது. அப்படி நின்றாள்.

சித்தி போன் செய்தபோது இதைச் சொன்னாள்.

"உனக்குப் பிடிச்சுதா இல்லையா? அதைச் சொல்லேன்டி."

"அம்மா சொல்லாம நான் எப்படிச் சொல்றது சித்தி?"

"அடிப்பாவி! இத்தனை வருஷமா நீ பாட்டைக் கேக்கலையா? அக்காவைத்தான் கேட்டியா?"

மகள் போனை வைத்துவிட்டாள்.

ஞாயிறு மதியம் ஒரு மரச்சாமான் கிடங்கில் அந்தக் குழுவின் நிகழ்ச்சி. நேரில் கேட்டாலாவது தெரியும் என்று போனாள். ஸ்பீக்கர் பக்கம் போகவில்லை. கதவோரம் நின்றாள். முதல் பாட்டில் பாடகன் வரியை மறந்து, வெறும் கூச்சலால் நிரப்பினான். ஆல்பத்தில் இருப்பதைவிட அது நன்றாக இருந்தது. கூட்டம் பொங்கியது. அடுத்து அந்த மெதுவான பாட்டு. குதித்தவர்கள் நின்றார்கள், சிலர் தண்ணீர் வாங்கப் போனார்கள். பாட்டு போய்க்கொண்டே இருந்தது. அவளுக்குள் எரிச்சல் ஏறியது. ஒரு மாதமாக அழுகையைத் தவிர வேறு எதுவும் ஏறாத இடத்தில்.

நிகழ்ச்சி முடிந்ததும், இசைத்தட்டு அடுக்கிய மேசைக்குப் பின்னால் பேஸ் கிதார் வாசிக்கும் பெண் நின்றாள். இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"அக்கா! இஸ்திரியம்மா எங்கே? தட்டு கேட்டாங்களா? என்ன திட்டினாங்க?"

சொல்லியிருக்க வேண்டும். வாயில் வேறு வந்தது.

"ரெண்டாவது பாட்டு இழுவையாம். பாதியிலேயே செத்துப்போச்சாம். அதை வெச்சு ஆல்பத்தையே கெடுத்துட்டீங்களாம்."

பேஸ்காரி கைதட்டிச் சிரித்தாள். பின்னால் டிரம்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டாள். "அண்ணே! நீங்க எழுதின பாட்டுக்குத் திட்டு விழுந்துச்சு பாருங்க! இஸ்திரியம்மா இழுவைங்கிறாங்க!"

டிரம்மர் குச்சியோடு ஓடி வந்தார். "எங்கே அவங்க? கூப்பிடுங்க. அது இழுவை இல்லை, மூச்சு வாங்குற இடம். நேர்லயே கேட்டுடறேன். எத்தனை நாளா என்னை இந்தப் பாடு படுத்துறாங்க!"

"அவங்க இல்லைங்க," என்றாள் மகள். "போன மாசம் தவறிட்டாங்க. தட்டு அவங்க கேக்கவே இல்லை."

பேஸ்காரியின் கை மேசைமேல் அப்படியே நின்றது. டிரம்மர் குச்சிகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "அப்போ இழுவைன்னு சொன்னது?" என்றார்.

"நான்தான்."

அவர் தலையசைத்தார். அவள் காத்திருந்தாள். எதிர்த்து ஒரு வார்த்தை வரட்டும், பத்து வார்த்தையாகத் திருப்பித் தர அவளிடம் இருந்தது. பாட்டின் நடுவில் கிதார் எங்கே வழி தவறுகிறது, எந்த இடத்தில் வெட்டியிருக்க வேண்டும், எல்லாம் இப்போது தெளிவாகத் தெரிந்தது.

"நீங்க சொல்றதும் சரிதான் மேடம்," என்றார் டிரம்மர் மெதுவாக.

அம்மா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.